காட்டுக்குள் கடைசிப் பத்து கிலோமீட்டர்

பெங்களூரிலிருந்து மேற்கு மலைகளுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் 300 கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. நெலமங்கலா நெரிசலைத் தாண்டிவிட்டால் ஹாசன் வரை நல்ல சாலை. அப்புறம் பேலூர், மூடிகெரே, கொட்டிகெஹாரா, களசா என்று வளைந்து வளைந்து ஏறினாலும் தார் போட்ட சாலைதான், யாரும் ஓட்டலாம். அதற்குப் பிறகு தார் முடிகிறது. சிவப்பு மண்ணும் உருண்டைக் கல்லுமாக ஒரு தடம் மரங்களுக்குள் திரும்புகிறது. குதிரேமுகம் ஏறத் தொடங்கும் முள்ளோடி, கொல்லூருக்கு மேலே இருக்கும் கொடசாத்ரி, மடிக்கேரிப் பக்கத்து மாந்தல்பட்டி என்று எங்கே போனாலும் இதே கதைதான். கடைசி ஐந்து அல்லது பத்து கிலோமீட்டரில்தான் பயணம் மாட்டிக்கொள்ளும்.

அல்சூரிலோ ராமமூர்த்தி நகரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பெங்களூர்த் தமிழர்களான நம் ஆட்கள் வார இறுதிப் பயணத்தைப் பேசத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, "என் வண்டி அங்க ஏறுமா?" கேட்க வேண்டியதுதான், ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டும். அந்தத் தடத்தில் வெளியாள் வண்டியை விடுவார்களா, விட்டால் எத்தனை மணிக்குள் என்பது முதலாவது. கடைசியாக எப்போது மழை பெய்தது என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய வண்டி வைத்திருந்தாலும் பயன் கிடையாது.

தார் ஏன் இல்லை

இந்தத் தடங்களில் பலவும் சுற்றுலாவுக்காகப் போட்டவை அல்ல. மரம் வெட்டி இறக்கப் போட்ட கூப்பு ரோடுகள், காப்பி எஸ்டேட்டுக்கு ஆளும் உரமும் கொண்டுபோக வெட்டிய பாதைகள், வனத்துறை ரோந்து போகும் வழிகள். பிற்பாடு காட்டில் மரம் வெட்டுவது நின்றது, லாரிகளும் நின்றன, தடம் மட்டும் அப்படியே கிடந்தது. 1980 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு நிலத்தைக் காடு அல்லாத வேறு வேலைக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பே இருந்த மண்பாதையைச் செப்பனிடலாம். அகலப்படுத்தவோ தார்ச்சாலையாக மாற்றவோ நினைத்தால் கோப்பு டெல்லி வரை போக வேண்டும். அந்த இடம் தேசியப் பூங்காவாகவோ சரணாலயமாகவோ இருந்துவிட்டால் வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் தேவை. குதிரேமுகம் 1987-லிருந்து தேசியப் பூங்கா. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே இரும்புத் தாது வெட்டுவதே 2005 கடைசியோடு நிறுத்தப்பட்டது. அத்தனை பெரிய சுரங்கத்தையே மூட வைத்த காட்டில், மலையேறப் போகிறவர்களின் வசதிக்காக யாரும் தார் ஊற்றப்போவதில்லை.

வனத்துறைக்கு இதில் வருத்தமும் கிடையாது. சாலை நன்றாக இருந்தால் வண்டி வேகமாகப் போகும், மானும் காட்டுப்பன்றியும் அடிபடும். பந்திப்பூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையிலேயே வரிசையாக வேகத்தடைகள் வைத்திருக்கிறார்கள். மண் தடத்துக்கு அது தேவையில்லை, பள்ளமே வேகத்தடை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வார இறுதிக்கு வந்து போகிறவர்கள் அதை யோசிப்பது குறைவு. மாதேஸ்வரன் மலைக் காட்டுக்குள் இருக்கும் சிற்றூர்களுக்கு இன்றைக்கும் ஒழுங்கான சாலை இல்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கிய செய்திகள் அங்கிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் அந்த மலையில் உள்ள இண்டிகநத்தா மக்கள், சாலையும் அடிப்படை வசதியும் இல்லை என்று சொல்லி வாக்களிக்க மறுத்தார்கள். ஏப்ரல் 26 அன்று நடந்த தகராறில் வாக்குப்பதிவு இயந்திரம் உடைக்கப்பட்டது, 29-ஆம் தேதி மறுவாக்குப்பதிவு வைக்க வேண்டியதாயிற்று. நமக்குச் சாகசமாகத் தெரியும் கரடுமுரடான தடம் அவர்களுக்கு மருத்துவமனைக்குப் போகும் வழி. நம் வண்டி நடுத்தடத்தில் சிக்கி நின்றால் அன்றைக்கு அவர்களின் ஜீப்பும் நிற்கும்.

இணையத்தில் அமெரிக்கக்காரர்கள் காட்டுச் சாலையில் தாமே ஓட்டிப் போய், ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, காலையில் காப்பி போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு கிளம்புகிறவர்கள் இங்கே நிறைய. அங்கே அதற்கென்று பொது முகாம் இடங்களும் எண் போட்ட வனச்சாலைகளும் இருக்கின்றன. இங்கே சட்டம் வேறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், காப்புக்காடுகளுக்கும் தனித் தடை உண்டு. ஆகவே கர்நாடகத்தில் காட்டோரம் கூடாரத்தில் தூங்க வேண்டும் என்றால் நடைமுறையில் இரண்டே வழி. ஒன்று, மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமோ வனத்துறையோ நடத்தும் முகாம்: காவிரிக் கரையில் கலிபோரே, பீமேஸ்வரி, பிளிகிரிரங்கன் மலையில் கே. குடி போன்றவை. மற்றது தனியார் எஸ்டேட் நிலம். "காட்டு நடுவில் முகாம்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. அதில் தப்பில்லை, ஆனால் எஸ்டேட் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேட் நேரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் முடிந்து கிளம்பி, இரவோடு இரவாக மலையடிவாரம் சேர்ந்து, விடியற்காலையில் ஏறுவது பெங்களூர்ப் பழக்கம். காட்டுச் சாலைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

பந்திப்பூர் வழியாக வயநாட்டுக்கும் ஊட்டிக்கும் போகும் நெடுஞ்சாலைகளில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயும் 2010-ல் தடை உறுதியானது. நாகரஹொளே வழியாக மானந்தவாடிக்குப் போகும் சாலை சாயங்காலம் 6 மணிக்கே மூடிவிடும். சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலத்துக்கு இறங்கும் திம்பம் மலைப்பாதையில், 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அதே பாதையில், 2022 பிப்ரவரி முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6 மணியிலிருந்தும் கார்களுக்கு இரவு 9 மணியிலிருந்தும் தடை. ஈரோடு, கோயம்புத்தூர்க்காரர்கள் ஊருக்குப் போகும் வழி இது என்பதால் பெங்களூர்த் தமிழர்களில் பலருக்கு இது மனப்பாடம். ஊட்டிப் பக்கம் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டும்.

இவை நெடுஞ்சாலைகள். உள்ளே போகும் மண் தடங்களுக்கு நேரம் இன்னும் இறுக்கம். சில சாவடிகளில் உள்ளே நுழையும் நேரத்தைக் குறித்துச் சீட்டு கொடுப்பார்கள். வெளியேறும் சாவடியில் ரொம்ப நேரம் கழித்து வந்தால் நடுவில் எங்கே நின்றீர்கள் என்ற கேள்வி வரும். குதிரேமுகம் மலையேற்றத்தில் உச்சியில் தங்க அனுமதியே இல்லை. போக வர சுமார் 20 கிலோமீட்டர் நடையை அன்றைக்கே முடித்து இறங்கியாக வேண்டும். கீழே சாலையில் ஒரு மணி நேரம் தாமதமானால் அது மேலே உச்சியைப் பார்க்காமலே திரும்புவதில் போய் முடியும்.

கேட் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் வழி. மண் தடத்தில் மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் பத்து கிலோமீட்டருக்கு 20 நிமிடம் என்று காட்டும், உண்மையில் ஒரு மணி நேரம் ஆகலாம். டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், மலை மடிப்புக்குள் அதற்கும் முன்னால் இருட்டு. போன் சிக்னல் பெரும்பாலும் தார் முடியும் இடத்தோடு விடைபெற்றுவிடும். ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்துக்கொண்டு, எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று பெங்களூரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அனுமதியும் இப்போது இணையத்தில்தான். 2024 ஜனவரி கடைசியில் குமார பர்வதத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதும், இணைய முன்பதிவு இல்லாத மலையேற்றப் பாதைகளைக் கர்நாடக வனத்துறை தற்காலிகமாக நிறுத்தியது. இப்போது அரண்ய விஹாரா தளத்தில் பாதைவாரியாக இடம் பிடிக்க வேண்டும். தமிழகப் பக்கம் 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புகிற காலம் இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது.

மண்ணும் தண்ணீரும்

மேற்கு மலைச்சரிவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை சாதாரணம் இல்லை. ஆகும்பேயில் ஆண்டுச் சராசரி 7000 மில்லிமீட்டரைத் தாண்டும். பெங்களூரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1000 மில்லிமீட்டர்தான். அத்தனை தண்ணீரும் சரிவில் இறங்கும்போது கிடைக்கும் சுலபமான வாய்க்கால் நம் தடம்தான். சக்கரம் அழுத்திய இரண்டு கோடுகளிலும் தண்ணீர் ஓடி ஓடி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறிக்கும், நடுவில் மேடு நிற்கும். நல்ல எஸ்டேட் பாதைகளில் தண்ணீர் தடத்தின் நீளத்துக்கு ஓடாமல் ஒதுங்கிப் போகக் குறுக்கே சாய்வான வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். செங்குத்தான இடங்களில் இரண்டு சக்கரங்களுக்கும் மட்டும் காங்கிரீட் பட்டை போட்டிருப்பார்கள். கவனிக்க ஆளில்லாத தடத்தில் இது எதுவும் இருக்காது.

செம்பாறை மண்ணுக்கு இரண்டு குணம். வெயிலில் இறுகிப் பாறையாகிவிடும், அதன் மேல் போகிற வண்டியின் ஒவ்வொரு போல்ட்டும் தளரும். ஒரு மழை பெய்தால் மேல்படலம் மட்டும் களிமண்ணாகி, சோப்பு தேய்த்த தரையாக வழுக்கும், அடியில் அதே கெட்டி. டயரின் பள்ளங்களில் களி அடைத்துக்கொண்டால் புது டயரும் வழவழப்பான டயரும் ஒன்றுதான். அதனால்தான் போன வாரம் சாதாரணக் கார் போய் வந்த தடத்தில் இந்த வாரம் ஜீப்பே தடுமாறும். "என் ஃப்ரெண்டு போயிட்டு வந்தான்" என்ற தகவலை நம்புவதற்கு முன் அவர் எந்த மாதம் போனார் என்று கேளுங்கள்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது

சரி, மூன்றாவது கேள்விக்கு வரலாம். நாம் ஓட்டும் சிறிய கார்களில் கிட்டத்தட்ட எல்லாமே முன்சக்கரத்தால் இழுபடுபவை. சமதளத்தில் எஞ்சினின் கனம் முன்சக்கரங்கள் மேல் உட்காருவதால் நல்ல பிடி கிடைக்கும். செங்குத்தான ஏற்றத்தில் கனம் பின்பக்கம் சாயும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் கூடாரமும் தண்ணீர் கேனும் இருந்தால் இன்னும் சாயும். முன்சக்கரம் லேசாகிவிடும், அதே சமயம் வண்டியை இழுக்க வேண்டியதும் அதுதான். விளைவு, சக்கரம் சுற்றும், கல் தெறிக்கும், வண்டி நகராது. எல்லோரையும் இறக்கி நடக்க விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மசியாத குறுகிய ஏற்றங்களில் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுகிற பழைய தந்திரம் ஒன்று உண்டு. அப்போது இழுக்கும் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், கனமும் அவற்றின் மேலேயே இறங்கும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். ஆனால் ஓரத்தில் பள்ளம் இருக்கும் பாதையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

2019-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி ஆம்னி இன்னமும் மலையூர்களில் ஓடிக்கொண்டிருப்பதற்கும் இதுதான் காரணம். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுப்பது பின்சக்கரம். ஆள் ஏற ஏற பின்சக்கரத்துக்குப் பிடி கூடும். பொலேரோவிலும் இழுப்பது பின்சக்கரம்தான்.

ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். நகரத்து எஸ்.யு.வி.க்கள் பலவற்றுக்கு உடம்புதான் பெரிது, இழுப்பது இரண்டு சக்கரம்தான். மஹிந்திரா தாரின் ஃபோர் வீல் வகை, ஜிம்னி, கூர்க்கா போன்றவற்றில் தனியாக ஒரு லோ கியர் உண்டு. அது எஞ்சினின் இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ கூட்டி, வேகத்தை அந்த அளவுக்குக் குறைக்கும். ஆள் நடக்கும் வேகத்தில், கிளட்சை மிதிக்காமல் கல் மேல் ஏறி இறங்க இதுதான் உதவுகிறது. சாதாரணக் காரில் அதே ஏற்றத்தைப் பாதி கிளட்சில் ஏற முயன்றால் பத்து நிமிடத்தில் கருகல் வாடை வரும். அந்த வாடைக்கு விலை ஒரு கிளட்ச் பிளேட்.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஏன் சில நேரம் அசையாமல் நிற்கிறது? அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே வேண்டியதில்லை, ஆகவே தரையில் இருக்கும் மறு சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று என்று குறுக்கு மூலைச் சக்கரங்கள் இரண்டும் தூக்கிக்கொண்டால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியும் நின்றுவிடும். புது வண்டிகளில் தொங்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து விசையை மறுபக்கம் தள்ளும் வசதி இருக்கிறது. பழைய ஜீப்காரர் இறங்கி, அந்தச் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கல்லைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்பார்.

தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரம் என்பது அடுத்தது. நிறுவனங்கள் தரும் கணக்குப்படி சிறிய கார்களில் 160 முதல் 170 மில்லிமீட்டர், ஜிம்னியில் 210, தாரில் 226. ஐந்து பேர் உட்கார்ந்தால் காரின் உயரம் இன்னும் இறங்கும். முதலில் அடிபடுவது எஞ்சின் ஆயில் நிற்கும் சம்ப். அதில் விரிசல் விழுந்து ஆயில் ஒழுகியது தெரியாமல் ஓட்டினால் சில நிமிடங்களில் எஞ்சினே போய்விடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் துருத்தி நிற்கும் கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுப் போகப் பார்ப்பார்கள். பெரிய கல் என்றால் அதுதான் சம்பில் இடிக்கும். ஒரு சக்கரத்தை மெதுவாகக் கல்லின் மேலேயே ஏற்றினால் வண்டியும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். ஆழமான சக்கரப் பள்ளத்திலும் இதே முறைதான், ஒரு பக்கச் சக்கரம் நடு மேட்டில், மறுபக்கம் ஓர மேட்டில். எதிரே தெரியாத இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நடந்து கை காட்ட வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை, ஜீப்காரர்களும் செய்கிறார்கள்.

டயர் காற்றைக் குறைப்பது செலவில்லாத வித்தை. வழக்கமாக 30, 33 பி.எஸ்.ஐ. வைப்பதை 22 அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று உட்கார்ந்து பிடிக்கும், கூர்மையான கல்லில் வெட்டுப்படுவதும் குறையும். ஆனால் தார்ச்சாலை வந்ததும் திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு சிகரெட் லைட்டரில் சொருகும் சிறிய பம்ப் கையில் இருக்க வேண்டும். ரொம்ப இறக்கிவிட்டால் டியூப்லெஸ் டயர் வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஜே.சி. ரோட்டுக் கடைகளில் காட்டு வண்டிக்கென்று விற்கும் பொருள்களில் எது தேவை என்று கேட்டால், நல்ல டயர், இழுக்கும் பெல்ட், சம்பைக் காக்கும் அடித்தகடு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கூடாது என்றுவிட்டது. மோதும்போது அந்தக் கம்பி அதிர்ச்சியை நேராக வண்டியின் சேசிஸுக்குக் கடத்தும், ஏர்பேக் விரிவதையும் கெடுக்கும். வண்டியின் கட்டமைப்பைத் தயாரித்தவர் தந்த அளவிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாடகைக்கு எடுத்து ஓட்டும் கறுப்புப் பலகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். மண் தடத்தில் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும், ஓட்டி அடிபட்டால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

இறங்குவதுதான் ஆபத்து

ஏறும்போது தப்பு செய்தால் வண்டி நிற்கும். இறங்கும்போது தப்பு செய்தால் நிற்காது. மலை விபத்துகள் இறக்கத்தில் அதிகம் நடப்பதற்குக் காரணம் பிரேக் சூடு. தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பட்டை சூடாகிப் பிடி குறையும். அதோடு பிரேக் ஆயிலும் கொதிக்கும். டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது, ஈரம் சேரச் சேரக் கொதிநிலை 155 வரைக்கும் இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் தரை வரை அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். நகரத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு மாற்றாவிட்டாலும் ஓடிவிடும், மலையில்தான் கணக்குத் தீர்க்கும்.

மருந்து எளிது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். நியூட்ரலில் இறக்குவது பெட்ரோல் மிச்சம் என்பது பழைய மூடநம்பிக்கை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை வெட்டிவிடுகின்றன. ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் எல் என்றோ மேனுவல் என்றோ இருக்கும் நிலையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புங்கள். அதை ஒருமுறைகூடத் தொடாதவர்கள்தான் அதிகம்.

மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை இதற்குப் பாடநூல். தார் போட்ட நல்ல சாலைதான், ஆனால் சரிவு கடுமை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது, இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள், இருவர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் கல்லட்டி வழியாக ஏறலாம், இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. அந்த ஒரு வரி விதியில் மலையோட்டத்தின் பாதி அறிவு அடங்கியிருக்கிறது.

ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் எதிரே இன்னொன்று வந்தால், இறங்குகிறவர் ஒதுங்கி நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதியிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம். பெங்களூர் வண்டிகளில் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்தால் இந்த விதி லைசென்ஸ் தேர்வோடு மறந்துபோயிற்று என்று தெரியும்.

ஓடை குறுக்கே வந்தால் இறங்கி ஆழம் பாருங்கள். சக்கர நடுவுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, இழுப்பு பலமாக இருந்தாலோ திரும்பிவிடுங்கள். நடுவில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், தனியாக எஞ்சின் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது. யானை நின்றால் ஹாரனும் வேண்டாம், லைட்டும் வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, தேவைப்பட்டால் மெதுவாகப் பின்னால் எடுத்து, அது போகிற வரை காத்திருங்கள்.

ஜீப்காரரிடம் கொடுங்கள்

இத்தனையும் சொல்லிவிட்டு என் கருத்தைக் கேட்டால், முள்ளோடிக்கும் கொடசாத்ரிக்கும் மாந்தல்பட்டிக்கும் சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் போவதே சரி. 1343 மீட்டர் உயரக் கொடசாத்ரிக்குக் கொல்லூரிலிருந்து போகும் ஜீப்புகள் தார் விட்டுத் திரும்பிய பிறகு போடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் தங்கள் காரை அதில் கற்பனை செய்யக்கூட மாட்டார்கள். மூகாம்பிகை கோயிலுக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள், புடவையும் வேட்டியுமாக, அந்த ஜீப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவது அங்கே தினப்படிக் காட்சி. வாடகை கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் ஒரு கிளட்ச் மாற்றுவதற்கும் களசாவிலிருந்து வண்டியைக் கட்டி இழுத்து வருவதற்கும் ஆகும் செலவை விசாரிக்கலாம். ஓட்டுநருக்கு அந்தத் தடத்தின் ஒவ்வொரு கல்லும் தெரியும். நேற்று எந்த வளைவில் மண் சரிந்தது, கேட்டில் இன்றைக்கு யார் என்பதும் தெரியும். காட்டோர ஊர்களில் இது ஒரு பிழைப்பும்கூட. நாம் ஆளுக்கொரு மஹிந்திரா தார் எடுத்துக்கொண்டு போனால் தடமும் கெடும், அவர்கள் வரும்படியும் போகும்.

சொந்தமாக ஓட்டித்தான் தீருவேன் என்றால் முகாம் வரை சாதாரண வண்டி போக வழியுள்ள இடமாகப் பார்த்துத் தொடங்குங்கள். கோபிநத்தம் நல்ல உதாரணம். ஒரு காலத்தில் வீரப்பன் ஊர் என்று யாரும் எட்டிப் பார்க்காத, தமிழ் பேசும் அந்தக் கர்நாடகக் கிராமத்தில் இப்போது சுற்றுலா முகாம் இருக்கிறது. கனகபுரா, கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு என்று போகும் வழியில் வளைவும் இறக்கமும் வேண்டிய மட்டும் கிடைக்கும், காரை அடகு வைக்கத் தேவையில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரேமுகம், கொடசாத்ரி, குடகு எல்லாம் தென்மேற்குப் பருவமழைப் பக்கம். ஆனி, ஆடியில் அங்கே தடம் கரையும், ஐப்பசி பாதியில் காயத் தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் நல்ல நிலையில் இருக்கும். மாதேஸ்வரன் மலை, பிளிகிரிரங்கன் மலை, பர்கூர், திம்பம் பக்கமோ ஐப்பசி, கார்த்திகையிலும் மழை வாங்கும். ஆகவே தீபாவளி விடுமுறைக்கு மேற்கே போவது சரி, கிழக்கே போகிறவர்கள் பொங்கல் வரை பொறுக்கலாம். மாசி பிறந்தால் இரண்டு பக்கமும் புல் காய்ந்துவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது அந்தப் பருவத்தில்தான். தீ பயத்தால் பல பாதைகளை அப்போது வனத்துறை மூடிவிடும். திறந்திருக்கும் இடங்களிலும் வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தாமல், மண் தெரியும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். ஏறி வந்த வண்டியின் சைலன்சரும் அதோடு சேர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் புல்லைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும்.